பன்னிரண்டு புள்ளி நான்கு

பதினொன்று புள்ளி ஒன்பது. சிவப்பு எழுத்தில் கடைசி எண் ஒருமுறை நடுங்கியது. எட்டாகிவிடப் போகிறது என்று தையல்நாயகி மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். ஆகவில்லை. நடுங்கி, யோசித்து, மறுபடி ஒன்பதிலேயே வந்து நின்றது. பேட்டரியின் வோல்ட்டைக் காட்டும் தீப்பெட்டி அளவுக் கண்ணாடி அது, டிரைவர் இருக்கைக்குப் பின்னால் பலகைத் தடுப்பில் இரண்டு திருகாணியில் நிற்கிறது. அதற்குக் கீழே அவள் கணவர் குற்றாலலிங்கம் தன் சாய்வான கையெழுத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தார். 12.7 முழுசு. 12.2 பாதி. 11.8 கவனம். 11.5 மெஷின் நிற்கும். ‘நிற்கும்’ என்பதற்கு அடியில் இரண்டு கோடு. முன்பு அந்த வரியில் ஃப்ரிட்ஜ் நிற்கும் என்றுதான் இருந்தது. போன ஆவணியில் ஃப்ரிட்ஜை அடித்துவிட்டு மேலே மெஷின் என்று எழுதினார். ஃப்ரிட்ஜ் நின்றால் பால் திரிந்துபோகும், அவ்வளவுதான், ஹம்பியில் ஒருமுறை திரிந்தது, திரிந்த பாலில் சீனி போட்டுக் கிளறிச் சாப்பிட்டுவிட்டுச் சிரித்தார்கள். இப்போது அந்த எண்ணிலிருந்து ஒரு வயர் கட்டிலுக்கு அடியில் போகிறது, அங்கிருந்து இன்னொரு வயர் கட்டிலின் தலைமாட்டில் முனகிக்கொண்டிருக்கும் ஆக்சிஜன் மெஷினுக்கு வருகிறது, மெஷினிலிருந்து நூல்கண்டு பிரிந்ததுபோல் ஒரு பிளாஸ்டிக் குழாய் புறப்பட்டு அவர் காதுகளைச் சுற்றி மூக்கில் முடிகிறது. வயரும் குழாயும் சேர்ந்து ஒரே கயிறு. அதன் ஒரு நுனியில் அந்தச் சிவப்பு எண், மறு நுனியில் அவர் மூக்கு. வெளியே வேன் கண்ணாடியெல்லாம் மஞ்சு. ஆழியாற்றுக்கு இறங்கும் மலைச்சாலையில் இருபத்திரண்டாவது கொண்டை ஊசி வளைவுக்குக் கொஞ்சம் மேலே, முன்னால் ஒரு தேயிலை லாரி, பின்னால் ஒரு பேருந்து, நடுவில் இவர்கள். கீழே எங்கோ மரம் சாய்ந்துவிட்டது. பன்னிரண்டரைக்கு நின்ற வண்டி. இப்போது இரண்டு இருபது.

பன்னிரண்டிலிருந்து பதினொன்று புள்ளி ஒன்பதுக்கு இறங்க இருபத்தைந்து நிமிஷம் எடுத்தது, அப்படியென்றால் இன்னும் நாலு படி, நாலு இருபத்தைந்து நூறு, ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, அதற்குள் மரத்தை அறுத்துவிட மாட்டார்களா. ஆனால் அவர் சொல்லியிருக்கிறார், பேட்டரி கணக்குப் போட்டு இறங்காது, மேலே மெதுவாக இறங்கும், கடைசியில் படிக்கட்டில் தேங்காய் உருளுகிற மாதிரி விழும் என்று. எந்தப் படியிலிருந்து தேங்காய் உருள ஆரம்பிக்கும் என்று அவள் கேட்கவில்லை. அப்போது கேட்கத் தோன்றவில்லை. அவர் இந்த வேனை வாங்கி, கட்டில் போட்டு, கூரையில் சோலார் பலகை மாட்டி, இரண்டு பேட்டரி வைத்தபோது, அவளை முன்னால் உட்கார வைத்து ஒரு பாடமே நடத்தினார். முன்னால் இருக்கிறது வண்டிக்கு, கட்டிலுக்கு அடியில் இருக்கிறது நமக்கு, என்ஜின் ஓடினா முதல்ல அது தன் வயித்த நெரப்பிக்கும், அப்புறம் ஒரு ரிலே டக்குனு சேரும், அங்கிருந்து நம்ம பேட்டரிக்கு வரும், என்ஜின் நின்னா ரிலே பிரிஞ்சிரும், நாம என்ன தின்னாலும் வண்டி பேட்டரியில கை வைக்க முடியாது. அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு அந்த டக்கை மட்டும் பிடித்துக்கொண்டாள். காதுதான் அவள் உத்தியோகம். திருநெல்வேலி டிரங்க் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தாறு வருஷம் காதில் ஹெட்செட் மாட்டி உட்கார்ந்திருந்தவள். கீழ்த்தளத்தில் பேட்டரி அறை ஒன்று இருந்தது, ஆளுயரக் கண்ணாடித் தொட்டிகள், தொண்டையைக் கீறும் அமில வாசனை, அதைக் கடந்துதான் சாப்பாட்டு அறைக்குப் போக வேண்டும். ஊர் முழுக்க கரண்ட் போனாலும் அந்தத் தொட்டிகள் இருக்கும்வரை குரல்கள் போய்க்கொண்டே இருக்கும். செத்தவர்கள் செய்தி, பிறந்தவர்கள் செய்தி, பம்பாய்க்கு, கொழும்புக்கு. லைன் சாகப் போவதைக் குரல் சொல்வதற்கு முன்னால் அவள் காது சொல்லிவிடும், ஒரு மெல்லிய மணல் சத்தம் வரும், ஒருவர் பேச்சுக்கு அடியில் இன்னொருவர் மண்ணை அள்ளிப் போடுவதுபோல. இப்போதும் மெஷினின் சத்தத்துக்கு அடியில் அந்த மணலைத்தான் தேடிக்கொண்டிருக்கிறாள். ஹூம் என்று இழுத்து, டுப் என்று விட்டு, ஹூம், டுப். அவர் மார்பு அதற்குக் கொஞ்சம் பின்தங்கி ஏறி இறங்குகிறது. மணல் இல்லை. இன்னும் இல்லை.

“ஏளா.” கண்ணைத் திறக்காமலே கூப்பிட்டார். “எவ்வளவு?” “பன்னெண்டு பாயிண்ட் நாலு.” அவள் நாக்கு தானாகச் சொல்லிவிட்டது, காலையில் ஒருமுறை சொன்னதையே திரும்பச் சொல்வது புதிதாக ஒரு பொய்யை உண்டாக்குவதைவிடச் சுலபம், ஏற்கெனவே போட்ட கோலத்தின் மேலேயே மாவை இழுப்பதுபோல. “ம்,” என்றார் அவர். கண்புரை முற்றிய கண், பிப்ரவரியில் அறுவை சிகிச்சை செய்வதாக இருந்தது, பிப்ரவரியில்தான் நுரையீரல் இறுகிப்போகிறது என்று கண்டுபிடித்தார்கள், கண் தள்ளிப்போய்விட்டது. மூன்றடிக்கு அப்பால் இருக்கும் அந்தச் சிவப்பு எழுத்து அவருக்கு ஒரு சிவப்புப் பூச்சி. அவளைத்தான் கேட்க வேண்டும். எண்ணை நம்பியே முப்பத்துநாலு வருஷம் மின்வாரியத்தில் மீட்டர் சோதிக்கும் பிரிவில் வேலை பார்த்த மனிதர், காய்ச்சலைக்கூட நெற்றியைத் தொட்டுப் பார்க்க விடமாட்டார், தெர்மாமீட்டர் எங்கே என்பார், அவர் இப்போது ஒரு எண்ணுக்காக அவள் வாயைப் பார்த்துப் படுத்திருக்கிறார். அந்த வாய் கோணுகிறது. முப்பத்திரண்டாவது வளைவிலும் அப்படித்தான் கேட்டார். அங்கேதான் முதலில் வண்டிகள் தேங்க ஆரம்பித்தன, பின்னால் இடம் இருந்தது, திரும்பலாம். “இந்தா, பன்னெண்டுக்குப் பக்கத்துல வந்துட்டுன்னா சொல்லு. பொன்னுதுரைய வண்டியத் திருப்பச் சொல்லுதேன். வால்பாறை ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்.” எண் பன்னிரண்டு புள்ளி ஒன்றில் இருந்தது. அவள் நாலு என்றாள். நாலு என்றாகிவிட்ட பிறகு ஏன் என்று கேட்டுக்கொள்வதில் என்ன இருக்கிறது. ஆஸ்பத்திரி என்று அவர் சொன்னபோது அவருடைய மணிக்கட்டைப் பார்த்தாள், அவ்வளவுதான் நடந்தது. பங்குனியில் பன்னிரண்டு நாள் தீவிர சிகிச்சையில் கிடந்தபோது குழாயைப் பிடுங்கிவிடுவார் என்று இரண்டு கையையும் கட்டிலோடு துணியால் கட்டியிருந்தார்கள். பார்வையாளர் நேரத்தில் அவள் உள்ளே போனால் அந்தக் கட்டுப்போட்ட கையில் ஒரு விரலை மட்டும் தூக்கி அசைப்பார், எவ்வளவு என்று கேட்கிற மாதிரி. தலைமாட்டுத் திரையில் ஓடும் ஆக்சிஜன் எண்ணைத்தான் கேட்கிறார். அங்கேயும் எண்பத்துநாலைத் தொண்ணூற்றொன்று என்று சொன்னவள்தான். அங்கே ஆரம்பித்தது. நோயாளிக்குத் தைரியம் சொல்கிறோம் என்றுதான் ஆரம்பித்தது. எக்ஸ்சேஞ்சில் ஒருநாள்கூட ஒரு எண்ணை மாற்றிச் சொன்னதில்லை. சொன்னால் ஒரு சாவுச் செய்தி வேறு வீட்டில் போய் விழும்.

பொன்னுதுரை எங்கே போய்த் தொலைந்தான். பாவூர்சத்திரத்துக்காரன், நாற்பது வயசு, இந்த வேனை வாங்கினதிலிருந்து டிரைவர், நல்லவன்தான், வாய்தான் கொஞ்சம் அதிகம். “பத்தே நிமிஷம்மா, என்ன ஏதுன்னு பாத்துட்டு ஓடி வந்துருதேன்,” என்று இறங்கினவன் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அது அவன் பழக்கம். செங்கோட்டையில் ஒருநாள் டீ குடிக்க இறங்கினபோது முன் முதலாளியின் கார் களவுபோயிற்றாம், அன்றிலிருந்து வண்டியை விட்டு ஒரு எட்டு வைத்தாலும் சாவி அவன் நெஞ்சோடு இருக்கும். என்ஜினை ஓட விட்டுவிட்டுப் போயிருக்கலாம். இவர்தான் அமர்த்தச் சொன்னார், முன்னாலிருந்த லாரிப் புகை கண்ணாடி இடுக்கு வழியாக வந்து இருமல் தூக்கிப்போட்டது, எல்லாரும் ஆஃப் பண்ணட்டும், நாமளும் பண்ணுவோம், பன்னெண்டு பாயிண்ட் நாலு இருக்குல்லா, சாயங்காலம் வரை தாங்கும் என்றார். அவள் சொன்ன எண்ணை எடுத்து அவள் முன்னாலேயே செலவு செய்தார். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறந்தாள், பொன்னுதுரை லாரிக்காரனிடம் ஏதோ கேலி பேசிக் கதவைச் சாத்தினான், மூடிக்கொண்டாள். ராத்திரி எஸ்டேட் விருந்தினர் விடுதியில் மட்டும் கரண்ட் இருந்திருந்தால் இது ஒன்றுமேயில்லை. புறப்பட்ட நாளாக ஒவ்வொரு ஊரிலும் ராத்திரி சுவர் பிளக்கில் சார்ஜரைச் செருகி, பல் வைத்த கிளிப்பைப் பேட்டரியில் கடிக்க விட்டுத் தூங்கினால் காலையில் பன்னிரண்டு புள்ளி ஏழு. நேற்று மழையில் மலை முழுக்க இருட்டு, வெயில் இல்லாமல் கூரைச் சோலாரும் சும்மா கிடந்தது. சின்ன ஆக்சிஜன் சிலிண்டரை வைத்து ஒப்பேற்றினார்கள், அதுவும் விடியற்காலம் சீறி அடங்கிவிட்டது. மெஷினுக்குள்ளேயே ஒரு குட்டி பேட்டரி உண்டு, அது உப்பிப்போய் இரண்டு மாதமாகிறது, ஊருக்குப் போய் மாற்றிக்கொள்ளலாம் என்று. எல்லாம் ஊருக்குப் போய். ஊரில் ஏன் இருந்திருக்கக் கூடாது. மகள் மஸ்கட்டிலிருந்து கத்தினாள், வேனை வித்துத் தொலைங்கம்மா, அப்பாவுக்கு இனி எதுக்கு ஊர்சுத்தல் என்று. இவர் சோலையாறு அணையை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றார், வேலைக்குச் சேர்ந்த புதுசில் அங்கேதான் முதல் மீட்டரைத் தொட்டாராம். பார்த்தார். மஞ்சில் தண்ணீர் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. போதும் என்றார். செல்லை எடுத்துப் பார்த்தாள், சிக்னல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி.

எட்டு. எப்போது ஆனது. அவள் மனசுக்குள் மகளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது ஆகிவிட்டது. பதினொன்று புள்ளி எட்டு. காகிதத்தில் கவனம் என்று இருக்கிறது. கவனத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது, கவனத்தால் ஒரு வோல்ட் ஏறுமா. பதினைந்து நிமிஷம்கூட ஆகவில்லை, தேங்காய் உருள ஆரம்பித்துவிட்டது. வேனில் இருக்கும் விளக்குகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள், எல்லாம் அணைந்துதான் இருக்கின்றன, சின்ன விசிறியை எப்போதோ நிறுத்திவிட்டாள், செல் சார்ஜரைப் பிடுங்கிவிட்டாள், இந்தச் சிவப்பு எழுத்தையும் பிடுங்கிவிட்டால் அது தின்கிற துளியும் மிச்சமாகும், ஆனால் எழுத்து அணைந்தால் இவளுக்கு எது துணை. கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். குளிர் முகத்தில் ஈரத்துணி போட்டது. பேருந்துக்காரர்கள் சாலையில் இறங்கி வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள், யாரோ குரங்குக்குப் பன்னைக் காட்டி ஏமாற்றிக்கொண்டிருந்தார்கள், ஒரு கல்யாண வீட்டு வாசல்போல இருந்தது. கூப்பிடலாமா. என்னவென்று கூப்பிடுவது. என் வீட்டுக்காரருக்கு மூச்சு முட்டவில்லை, நன்றாகத்தான் தூங்குகிறார், ஒரு எண் இறங்குகிறது, வந்து பிடியுங்கள் என்றா. மஞ்சுக்குள்ளிருந்து முதலில் இருமல் வந்தது, பிறகு பொன்னுதுரையின் மஞ்சள் சட்டை வந்தது. “மரமாம்மா அது? தேரு கெணக்கா ரோட்டுல படுத்துக் கெடக்கு. ஒரே ஒரு மிஷின் ரம்பம், அதுக்கு ரெண்டு மேஸ்திரி, நாப்பது பேரு யோசன சொல்லுதான். நானும் ரெண்டு யோசன சொன்னேன்.” “சாவியக் குடு,” என்றாள். தன் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. அவன் அவள் முகத்தைப் பார்த்தான், பிறகு அவள் பார்த்துக்கொண்டிருந்த எண்ணைப் பார்த்தான். சிரிப்பு கழன்று விழுந்தது. “என்னம்மா இது, நாலுன்னீங்க?” “வண்டியக் கெளப்பு.”

என்ஜின் உறுமி எழுந்தபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். முன் பேட்டரி தன் வயிற்றை நிரப்பட்டும். ஒன்று, இரண்டு, மூன்று, அரை நிமிஷம், டக். வந்துவிட்டது. கட்டிலுக்கு அடியிலிருந்து கதவுத் தாழ் விழுகிற மாதிரி அந்த டக். முருகா என்று வாய் முணுமுணுத்தது, கண்ணைத் திறந்தாள். பதினொன்று புள்ளி எட்டு. கொஞ்சம் பொறு, ஏறும். பொறுத்தாள். எட்டு. பொன்னுதுரை ஆக்சிலேட்டரை மிதித்தான், வேன் நடுங்கியது, எண் நடுங்கவில்லை. எப்போதும் இப்படியா இருக்கும்? என்ஜின் ஓடினால் அது பதின்மூன்றுக்கு மேல் ஏறி நிற்கும், பதின்மூன்று புள்ளி ஆறு, ஏழு, கோகர்ணம் போகிற வழியெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டே வெற்றிலை மடித்திருக்கிறாள். அப்படியானால் இன்று காலை? காலையில் விடுதியிலிருந்து புறப்பட்டு வளைவு வளைவாக என்ஜின் ஓடியே வந்தது, அப்போதும் பன்னிரண்டுக்கு மேல் ஒன்றும் இரண்டும்தான், நேற்று, முந்தாநாள், அதற்கும் முன்னால், பதின்மூன்றைக் கடைசியாக எப்போது பார்த்தாள். ரிலே டக்கென்றதைக் கேட்டுவிட்டு அவர் தலையைச் சாய்த்துக்கொள்வார், அவருக்கு அது போதும், எண்ணைக் கேட்பது வண்டி நின்ற பிறகுதான். கேட்டிருந்தாலும் இவள் என்ன சொல்லியிருப்பாள். டக்கென்று ரிலேயின் கதவு திறக்கிறது, கரண்ட் மட்டும் உள்ளே வரவில்லை. “சார எழுப்பவாம்மா?” என்றான் பொன்னுதுரை. “வேண்டாம். பேச வச்சா மூச்சு வாங்கும்.” இரு. யோசிக்க விடு. எக்ஸ்சேஞ்சில் இப்படி வரும், இந்தப் பக்கம் மணி அடிக்கும், அந்தப் பக்கம் எடுப்பார்கள், குரல் மட்டும் போகாது. அப்போது லைன்மேன் சொல்வார், நடுவுல ஒரு ஜாயிண்ட்டு பூத்துப்போச்சும்மா. பூத்துப்போச்சு. செம்புக் கம்பி பச்சையாகப் பூப்பது.

பச்சையில்லை, சிவப்பு. ஏன் சிவப்பு என்று நினைத்தாள். அவள் விரல் நுனிதான் முதலில் நினைத்தது, குளிர்ந்த சந்தனத்தின் நெருநெருப்பு. ஆயுத பூஜை. வருஷா வருஷம் அன்றைக்குக் கட்டில் பலகையைத் தூக்கி, பேட்டரியின் இரண்டு முனைகளையும் கழற்றி, உப்புத்தாள் போட்டு வெள்ளி மாதிரி துடைத்து, திரும்ப முடுக்கி, பிறகு அவளைக் கூப்பிடுவார், வா உன் வேலையப் பாரு என்று. அவள் ஸ்பானருக்கு, மல்டிமீட்டருக்கு, ஸ்டெப்னிக்கு, முடுக்கின பேட்டரிக்கு, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பாள். இந்த வருஷம் அவர் துடைத்தார், அத்தோடு மூச்சு வாங்கிவிட்டது, போய் உட்கார்ந்துவிட்டார். நட்டு முடுக்கவில்லை. அடியில் ஒரு வயரின் வளையம் மாட்டியிருந்தது, அதன்மேல் மாட்ட வேண்டிய இன்னொரு வளையம் பக்கத்தில் தொங்கியது, அந்த மேல் வளையம்தான் என்ஜினிலிருந்து வருவது, அடி வளையம் மெஷினுக்குப் போவது. அவள் தட்டோடு குனிந்தாள். துடைத்து வைத்த அந்த முனை வெறும் நெற்றி மாதிரி இருந்தது. யாரும் பக்கத்தில் இல்லை. வெறும் நெற்றியைப் பார்க்கப் பொறுக்கவில்லை அவளுக்கு, இந்த வருஷம் எந்த வெறும் நெற்றியையும் பார்க்கப் பொறுக்கவில்லை, குழைத்த சந்தனத்தை விரலால் தாராளமாக எடுத்து அந்த முனையைச் சுற்றி, வளையத்தின்மேல், புரையெல்லாம் நிரம்ப அப்பினாள். நடுவில் குங்குமம். கன்னத்தில் போட்டுக்கொண்டாள், இவர் மூச்சை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு பேட்டரியிடம் வேண்டிக்கொண்டாள். “அன்னைக்கு நட்ட முடுக்குனது யாரு, நீதான?” என்று இப்போது கேட்டாள். பொன்னுதுரை விழித்தான். “நாந்தான். பொட்டு வச்சிருந்துது. பூஜ போட்டத அழிக்கக்கூடாதுன்னு அதுமேலயே வளையத்தப் போட்டு முடுக்கிட்டேன். ஏம்மா?” கட்டிலின் கால்மாட்டுப் பலகையை இரண்டு கையாலும் தூக்கினாள். அங்கே, இரண்டு வளையங்களுக்கு நடுவில், மஞ்சளும் சிவப்புமாகக் காய்ந்து, ஓரத்தில் பச்சை பூத்து, அவள் வைத்த பொட்டு அப்படியே இருந்தது. பதினொன்று புள்ளி ஏழு.

கழற்றித் துடைக்க வேண்டும். கழற்றினால் அடி வளையமும் ஆடும். அடி வளையம் ஆடினால் மெஷின் நிற்கும். “மெஷின் இல்லாம சும்மா இருக்கையில மூணு நிமிஷம் தாங்குவாரு, அதுக்கு மேல நீங்க ரிஸ்க் எடுக்கக்கூடாது,” என்று டாக்டர் சொன்னார், ஊரில், வெளிச்சமான அறையில், பேனாவை மூடிக்கொண்டே. தொடாமல் இருந்தால் இன்னும் அரை மணி இருக்கலாம், அதற்குள் மரம் நகரலாம். நகராமலும் போகலாம். அரை மணி கழித்துத் தொடுவதானால் அப்போது கையில் மூன்று நிமிஷம் இருக்காது. மூன்று நிமிஷக் கணக்கில் விற்ற டிரங்க் கால்களில் எத்தனை குரல்களை நடுவில் வெட்டியிருக்கிறாள், மூணு நிமிஷம் ஆயிட்டு சார், எக்ஸ்டெண்ட் பண்ணவா. சிலர் வேண்டாம் என்பார்கள். சிலர் ஐயோ இன்னும் ஒரே ஒரு வார்த்தை என்பார்கள். கடிகாரம் பார்க்காமலே மூன்று நிமிஷம் அவள் உடம்புக்குத் தெரியும், இருபத்தாறு வருஷம் அதைத்தான் விற்றாள். “ஸ்பானர எடு. கழத்துனதும் நட்ட வாயில வச்சிக்கோ, கீழ போட்டியோ தொலஞ்சோம். என்ஜின அமத்து.” பொன்னுதுரை என்ஜினை அமர்த்திவிட்டு ஸ்பானரோடு வந்து குனிந்தான். நட்டு ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்றாவது சுற்றில் மெஷின் ஹூம் என்று இழுத்தது, டுப் வரவில்லை. ஒரு கீச்சுக் குரல், உப்பிப்போன குட்டி பேட்டரி எழுந்து பார்த்துவிட்டு உடனே படுத்துவிட்டது. சிவப்பு எழுத்து அணைந்தது. இவ்வளவு அமைதி இந்த வேனில் எப்போதும் இருந்ததில்லை. மழை கூரையில் ஒவ்வொரு சொட்டாக விழுந்தது. அவருடைய மூச்சு மட்டும் தனியாக, பிடிக்கக் கை இல்லாமல், மேட்டில் ஏறுகிறவர் மூச்சாக. அவள் புடவைத் தலைப்பால் அந்த முனையைத் தேய்த்தாள், மேல்தோல் வந்தது, அடியில் ஒட்டினது வரவில்லை, உப்புத்தாள், உப்புத்தாள் எங்கே, டப்பாவில், டப்பாவின் மூடி திறக்கவில்லை, பல்லால் திறந்தாள். ஒரு நிமிஷம் தாண்டிவிட்டது. வளையத்தின் அடிப்பக்கம், மேல்பக்கம், முனையின் பள்ளம். குங்குமப் பொடி நகக்கண்ணில் ஏறியது. இரண்டு நிமிஷம். அவர் விழித்துக்கொண்டார். இடது கையின் ஒரு விரல் மட்டும் போர்வைக்கு மேலே எழுந்து அசைந்தது. உதட்டு ஓரம் நாவல்பழம் தின்றது மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. “போடு,” என்றாள். அடி வளையம், மேல் வளையம், வாயிலிருந்து நட்டு, எச்சிலோடு. “கோணலா ஏறுதும்மா.” “எடுத்து மறுபடி போடு. பதறாத.” இரண்டரை. யாரோ கொழும்பிலிருந்து கத்துகிறார்கள், ஐயோ இன்னும் ஒரே ஒரு வார்த்தை. நட்டு பிடித்துக்கொண்டது. ஒரு சுற்று. இரண்டு. ஸ்பானர். ஹூம். டுப். ஹூம். டுப். மூணு நிமிஷம் ஆயிட்டு சார், எக்ஸ்டெண்ட் பண்ணியாச்சு.

பொன்னுதுரை முன்னால் தாவி என்ஜினைக் கிளப்பினான். அவள் எண்ணைப் பார்க்கவில்லை, அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டு காதை மட்டும் கட்டிலுக்கு அடியில் விட்டிருந்தாள். டக். பலகைத் தடுப்பிலிருந்து ஒரு வெளிச்சம் மாறினதுபோல் இருந்தது. “அம்மா, பதிமூணும்மா! பதிமூணு பாயிண்ட் ரெண்டு! நாலு!” என்று பொன்னுதுரை கோயில் மணி அடிக்கிறவன்போலக் கத்தினான், கத்திவிட்டு ஸ்டியரிங்கில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டான். நாவல்பழ நிறம் மெதுவாக வெளுத்தது. அவள் தரையில் உட்கார்ந்து கட்டில் விளிம்பில் தலையைச் சாய்த்தாள். தலைப்பில் சந்தனமும் துருவும் பச்சையும். வெகு நேரம் கழித்து, “ஏளா,” என்றார். “எவ்வளவு?” “பதிமூணு பாயிண்ட் நாலு.” “நெசமாவா?” “நெசந்தான். பொன்னுதுரையக் கேளுங்க.” அவர் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். “காலையிலேருந்து நாலு நாலுன்னே சொல்லிக்கிட்டிருந்தியே. மெஷின் லோடு இழுத்துக்கிட்டே இருக்கு, நீ பன்னெண்டு பாயிண்ட் நாலுங்கே. ரெண்டு மணி நேரமா அதே நாலு.” ஒரு மூச்சு. “ஒரே நம்பர்ல நிக்கிற மீட்டர எனக்குத் தெரியாதாளா? அது களவு மீட்டரு. முப்பத்திநாலு வருசம் அதத்தான புடிச்சேன்.” அவளுக்கு அழுகை வரவில்லை, முகம்தான் சுட்டது. “தெரிஞ்சும் ஏன் சொல்லல? வண்டியத் திருப்பிருக்கலாமே.” அவர் தன் மணிக்கட்டை ஒரு தடவை பார்த்தார், போர்வைக்கு அடியில் இழுத்துக்கொண்டார். “எனக்கும் அந்த நம்பரு தோதா இருந்துது,” என்றார். கீழே எங்கோ ரம்பம் விட்டு விட்டு அலறியது, நின்றது, மறுபடி அலறியது. தையல்நாயகி எழுந்து ஆக்சிமீட்டரை எடுத்து, எழுந்து அசைந்த அதே விரலில் மாட்டினாள். எண் வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வந்தது. தொண்டையை ஒருமுறை செருமிக்கொண்டாள், ஹெட்செட் மாட்டினவள்போல. “எண்பத்தாறு,” என்றாள். “நிறுத்தாத,” என்றார் அவர், “மாற மாறச் சொல்லு.” “எண்பத்தாறு,” என்றாள் அவள். “எண்பத்தாறு. எண்பத்தஞ்சு. எண்பத்தாறு. எண்பத்தேழு.”